இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு கைக்குழந்தை

(தாய்ப்பால் வாரத்தையொட்டிச் சிவகாசியில் ஒரு குழந்தை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கைக்குழந்தையோடு பயணம் போவதைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பையில் எத்தனை துணி வைக்க வேண்டும் என்பதில் தொடங்குவது வழக்கம். அதற்கும் வருகிறேன். ஆனால் நம் மாவட்டத்தில், அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில், பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதற்கு இரண்டு வயது நிறைகிற வரை யார் எங்கே போய் வருகிறார்கள் என்று கவனித்தால் இரண்டு விதமான பயணம் தெரியும். ஒன்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது. மற்றொன்று, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தாய் மட்டும் போவது. இரண்டாவது பயணம் தினமும் நடக்கிறது. அதைப் பயணம் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. இன்று இரண்டையும் சேர்த்தே பேசப் போகிறேன்.

பிள்ளையின் முதல் பயணம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. அரசு மருத்துவமனையில் பிரசவமான தாயையும் சேயையும் வீடு வரை இலவசமாகக் கொண்டுபோய் விட வேண்டும் என்பது 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி உங்கள் உரிமை. நம் மாநிலத்தில் 102 வண்டி அதற்காகத்தான் ஓடுகிறது. அப்படியிருந்தும் பச்சை உடம்புக்காரியை ஷேர் ஆட்டோவிலும், இன்னும் மோசமாக எக்செல் வண்டியின் பின்னாலும் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போதே வண்டியைக் கேளுங்கள். எடை குறைவாகப் பிறந்த பிள்ளையாக இருந்தால் தாயின் நெஞ்சோடு தோல்மேல் தோல் படும்படி அணைத்து, மேலே துணி போர்த்திக் கொண்டுபோங்கள். நம் ஊரில் என்ன குளிர் என்று நினைக்க வேண்டாம். ஏ.சி. காரில் அரை மணி நேரம் போனால் இரண்டு கிலோ பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுவிடும்.

அடுத்த பயணம்தான் எனக்கு முக்கியமானது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண், பிள்ளை பெற்று மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். நல்ல நாள் பார்த்து, சீர் வைத்து, தொட்டில் முதல் வெந்நீர்ப் பானை வரை ஏற்றி அனுப்புவார்கள். இந்த வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை பெற்றவள் அம்மா கையில் சாப்பிட்டுத் தூங்கும் சில மாதங்கள் அவை. அந்த ஓய்வை வேறெந்தத் திட்டமும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

ஆனால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போடுவது போக, அடுத்த மூன்று தவணைகள் 6, 10, 14 வாரங்களில் வருகின்றன. நம் தாய்மார்கள் சொல்கிறபடி சொன்னால் ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி. பிள்ளை வீடு மாறுவதும் சரியாக இதே காலத்தில்தான். தாயில்பட்டியில் இருக்கும் செவிலியர், பிள்ளை அப்பன் ஊருக்குப் போய்விட்டது என்று பதிவேட்டில் எழுதுகிறார். அருப்புக்கோட்டைப் பக்கத்துச் செவிலியருக்கு அப்படி ஒரு பிள்ளை தன் ஊருக்கு வந்ததே தெரியாது. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் பிள்ளை விழுந்துவிடுகிறது. மூன்றாவது தவணை தவறி, ஏழாம் மாதம் கக்குவான் இருமலோடு வருகிற பிள்ளையை நாங்கள் பார்க்கிறோம். தாய் படித்தவளாகவும் இருப்பாள், அக்கறை உள்ளவளாகவும் இருப்பாள். வீடு மாறிய மாதத்தில் அட்டை மட்டும் அம்மா வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிட்டிருக்கும்.

ஆகவே, அம்மாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. பேத்தியை அனுப்பும்போது வசம்பு வளையலும் வெள்ளிக் கொலுசும் போட்டு அழகு பாருங்கள், ஆனால் சீர்ச் சாமான்களில் முதல் சாமானாக அந்தத் தாய்–சேய் அட்டையை வையுங்கள். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும், எந்த மாவட்டத்துப் பிள்ளைக்கும், எந்த மாநிலத்துப் பிள்ளைக்கும் இந்த ஊசிகளை இலவசமாகப் போடுவார்கள். பிறந்த ஊரில்தான் போட வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. நம் கிராமங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். திங்கட்கிழமை புருஷன் வீடு வந்து சேர்ந்தால் புதன்கிழமை செவிலியரைப் பாருங்கள். ஊசி போட்ட அன்றே தூரப் பயணம் வைக்காதீர்கள், இரவில் காய்ச்சல் வரலாம். இரண்டு நாள் கழித்துக் கிளம்புங்கள். செவிலியர் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: “பிள்ளை வெளியூர் போய்விட்டது” என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அந்த ஊர்ச் செவிலியரின் எண்ணைப் பிடித்து ஒரு போன் செய்துவிடுங்கள். யூ-வின் போன்ற கணினிப் பதிவு இப்போது இருக்கிறது. ஆனாலும் ஒரு பிள்ளை வந்து சேர்ந்ததா என்று கேட்பது ஒரு மனுஷியின் குரலாக இருந்தால்தான் வேலை நடக்கிறது.

பிறகு குலசாமி கோயில். முடி இறக்க வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வெளி உலகை முதலில் காட்டுவது இருக்கன்குடி மாரியம்மன்தான். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் அந்த ஊரில், ஆடிக் கடைசி வெள்ளியன்று கால் வைக்க இடம் இருக்காது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்தே வருகிறார்கள். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அம்மனிடம் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையை அம்மனிடம் காட்டாதே என்று எந்த டாக்டர் சொன்னாலும் எடுபடாது, எடுபடவும் கூடாது.

நாளைத்தான் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்கிறேன். காது குத்துவதை மூன்றரை மாத ஊசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ரணஜன்னிக்கு எதிரான மூன்று தவணையும் உடம்பில் ஏறியிருக்கும். பெருங்கூட்டத்துக்குக் கொண்டுபோவதை ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முடி இறக்க ஒற்றைப்படை மாதம் பார்ப்பவர்களுக்கு ஒன்பது முடிந்து பதினொன்றாம் மாதம் தோதாக வரும். ஆடிக் கடைசி வெள்ளிதான் வேண்டும் என்றால் பெரியவர்கள் போய் வாருங்கள். பிள்ளையை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை கொண்டுபோங்கள், அம்மன் அன்றைக்கும் அங்கேதான் இருப்பாள். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்கு 2021 செப்டம்பர் முதல் கட்டணம் கிடையாது. ஆகவே அந்தக் காசுக்கு ஒரு புது பிளேடு வாங்கிக் கையில் கொடுத்து, இதை வைத்து எடுங்கள் என்று சொல்லுங்கள். பட்டுப் பாவாடையும் தங்கமும் போட்டோ எடுக்கிற ஐந்து நிமிஷத்துக்குப் போதும். மற்ற நேரமெல்லாம் வெளுத்த பருத்திச் சட்டை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பேச்சும் முடியாது. கரிசல் மண், மரம் குறைவு, சித்திரை பிறந்துவிட்டால் பஸ் ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. இந்த வெயிலில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குத் தாகம் எடுக்குமே என்று தண்ணீர் கொடுக்கிறார்கள், சீனித் தண்ணீர் கொடுக்கிறார்கள். வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், அக்கினி நட்சத்திரத்திலும் அது போதும். அடிக்கடி கொடுக்க வேண்டும், அவ்வளவே. தண்ணீர் வேண்டியது தாய்க்கு, அவள் கையில் ஒரு பெரிய பாட்டில் இருக்கட்டும். பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாக மூத்திரம் போனாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, அழுது களைத்துச் சுணங்கிக் கிடந்தாலோ பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியைத் தேடுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குப் பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு மிகுந்து கெடுதல் செய்யும். வயிற்றாலே போகும் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் பிள்ளை தொந்தரவு பண்ணாமல் தூங்கட்டும் என்று சளி மருந்து சிரப்பை ஊற்றிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்தான காரியம். தூக்கத்தோடு மூச்சையும் அது மட்டுப்படுத்திவிடும். பிள்ளை பஸ்ஸில் அழும். அழட்டும். பக்கத்து சீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி விஷயம். நம் கிராமங்களில் பிள்ளை அதிகம் போவது மோட்டார் சைக்கிளிலும் எக்செல்லிலும். அப்பா ஓட்ட, மூத்தது டேங்க் மேல், அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து மடியில் சின்னது. 2022 பிப்ரவரியில் வெளியான மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுநரோடு பட்டை போட்டு இணைக்க வேண்டும், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைக்குத் தலைக்கவசம் அணிவிக்க வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்பது மாதத்துக்குக் கீழே? அந்த விதியின் தலைக்கவசக் கணக்கில் அவர்கள் இல்லை. என் தீர்ப்பைச் சொல்கிறேன்: கழுத்து நிற்காத பிள்ளைக்கு இரு சக்கர வண்டியில் இடமே இல்லை. சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கியதால் மடியிலிருந்து பறந்து விழுந்த பிள்ளைகளை எடுத்து வந்திருக்கிறார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 முதல் அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை பிள்ளைக்கும் டிக்கெட் இல்லை. அந்த பஸ் உங்கள் ஊருக்கு நாளைக்கு மூன்று நடைதான் வருகிறது என்பீர்கள். நியாயம். அப்படியானால் கிராமசபையில் எழுந்து நின்று கேட்க வேண்டிய முதல் கோரிக்கை நான்காவது நடை.

பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறையை 2015 ஆகஸ்டில் தாய்ப்பால் வாரத்தின்போது அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். நல்ல திட்டம். இந்தியாவில் வேறு மாநிலங்கள் எட்டிப் பார்க்கும்படியான திட்டம். அந்த அறையைப் பூட்டி, சாவி யாரிடம் என்று கேட்டால் தெரியாது என்று கைவிரித்த பஸ் நிலையமும் உண்டு. பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஆண்கள் யாராவது அந்தச் சாவியைக் கேட்டு வாங்கித் திறந்துவைத்துவிட்டுப் போனால் அது ஒரு பெரிய உதவி. பிள்ளைக்குப் பசியெடுத்த நேரத்தில் தாயால் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க முடியாது.

ரயிலைப் பற்றி நீட்டவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர் வழியாகச் சென்னை போகும் பொதிகையில் பிள்ளையோடு போகிறவர்கள் கீழ்ப் படுக்கையைக் கேட்டு வாங்கி, பிள்ளையைச் சுவர்ப் பக்கம் படுக்க வையுங்கள். படுக்கைகளுக்கு நடுவே சேலையில் தூளி கட்டுவதானால் பிள்ளை அதில் இருக்கும் வரை ஒருவர் விழித்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள், விமானம் இறங்கும்போது பால் கொடுங்கள், காது வலி குறையும்.

தீபாவளிக்கு முன்பு வெளியூர்களிலிருந்து கார் கட்டிக்கொண்டு சிவகாசிக்குப் பட்டாசு வாங்க வருகிறார்கள். சாத்தூர் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள், இடுப்பில் பிள்ளை. நம் ஊருக்கு வரும் விருந்தாளிகள் அவர்கள், நாம்தான் சொல்ல வேண்டும். பட்டாசு அடுக்கிய கடைக்குள் கைக்குழந்தைக்கு வேலை இல்லை. காரில் பூட்டி வைத்துவிட்டும் போகக் கூடாது, கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் சில நிமிஷத்தில் உலையாகிவிடும். கடைக்காரர்கள் வெளியே தூரத்தில் ஒரு கீற்றுப் பந்தல் போட்டு நாலு நாற்காலியும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தால் போதும். ஒருவர் பிள்ளையோடு அங்கே உட்காரட்டும், மற்றவர் வாங்கி வரட்டும்.

இனி அந்த இரண்டாவது பயணம்.

காலை ஏழு மணிக்கெல்லாம் மாரனேரி, ஏழாயிரம்பண்ணை, விஜயகரிசல்குளம் பக்கமெல்லாம் பட்டாசு ஆலைகளின் கம்பெனி வேன் வந்து நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். அவர்களில் நாலு மாதப் பிள்ளை, எட்டு மாதப் பிள்ளை, ஒன்றரை வயதுப் பிள்ளை வீட்டில் இருக்கிற தாய்மார்கள் உண்டு. பிள்ளையை உடன் கொண்டுபோக முடியாது. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி 18 வயது நிரம்பாதவர் ஆலைக்குள் நுழையவே கூடாது, அது சரியான விதி. அங்கன்வாடியில் போய் உட்கார இரண்டு வயதாவது ஆக வேண்டும். ஆக, அந்த முதல் இரண்டு ஆண்டு முழுவதும் பிள்ளை அப்பத்தாவின் பொறுப்பு. அப்பத்தாவுக்கும் வயதாகிவிட்டது, கண் மங்கல், முழங்கால் வலி. பிள்ளை அழுதால் பிஸ்கட்டைப் பாலில் கரைத்து, சரியாகக் கொதிக்க வைக்காத புட்டியில் ஊற்றிக் கொடுக்கிறார். வயிற்றுப்போக்கு அங்கிருந்து தொடங்குகிறது. அங்கே ஆலையில் வேலை செய்துகொண்டிருக்கும் தாய்க்குப் பதினொரு மணிக்குப் பால் கட்டி மார்பு கனக்கிறது. கழிவறைப் பக்கம் போய்ப் பீய்ச்சிவிட்டு வந்து உட்காருகிறாள். அவள் வேலை எண்ணிக்கைக் கூலி. எழுந்து போன நேரத்துக்குக் காசு இல்லை.

இந்தத் தாய்க்குச் சட்டம் என்ன தருகிறது? 1961-இன் மகப்பேறு பலன்கள் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விடுப்பு தொடர்கிறது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று நாங்கள் சொல்வதும் அதே 26 வாரம்தான். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று அதே திருத்தம் கொண்டுவந்த விதியும் நீடிக்கிறது. வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகிற வரை, நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளை அவளுக்கு உண்டு. இதெல்லாம் பதிவேட்டில் பேர் இருக்கிற பெண்ணுக்கு. பேர் ஏறாத பெண்களும் அதே வேனில்தான் வருகிறார்கள்.

ஆலைக்குள் பிள்ளை வர முடியாது என்பதால் காப்பகத்தை ஊருக்குள் வைக்க வேண்டும். ஒரே கிராமத்திலிருந்து நான்கைந்து ஆலைகளுக்குப் பெண்கள் போகிறார்கள். அந்த ஆலைகள் சேர்ந்து அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டைப் பிடித்து, இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் காப்பகம் தயார். அது வரும் வரை அப்பத்தாக்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கலாம். தாய் காலையில் கிளம்புமுன் சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைக்கட்டும். வெளியே நான்கு மணி நேரம், கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் ஒரு நாள் வைக்கலாம். புட்டி வேண்டாம், கொதிக்க வைத்த பாலாடையில் கொடுக்கலாம். நம் வீடுகளில் இருந்த பொருள்தான் அது.

மாலையில் தாய் இறங்குகிறாள். பிள்ளை கையை நீட்டிக்கொண்டு தாவுகிறது. அவள் கையிலும் சேலையிலும் அலுமினியப் பவுடர் மின்னுகிறது, கந்தகம் இருக்கிறது. தாவும் பிள்ளையைத் தடுத்துவிட்டு முதலில் குளிக்கப் போ என்று ஒரு தாயிடம் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். கை, கழுத்து, மார்பு சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். வேலைச் சேலையைப் பிள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அதைத் தூளி கட்டவும் எடுக்காதீர்கள். ஆலை வாசலிலேயே குளித்து உடை மாற்ற ஒரு அறையும் தண்ணீரும் இருந்தால் இந்தக் கொடுமை தாய்க்கு நேராது.

ஆலை நடத்தும் நண்பர்களே, கடைசியாக உங்களிடம். முன்பு ஒரு காலத்தில் விடியுமுன்னே கிராமங்களுக்கு வந்த வண்டிகளில் சிறுவர் சிறுமியர் ஏறிப் போனார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-லும் 1996-லும் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. தொழில் அழிந்துவிடும் என்று அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு. பிள்ளைகள் வண்டியிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள், தொழில் நின்றுவிடவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இன்றைக்குத் தாய்மாராக அதே வழியில் வேலைக்குப் போகிறார்கள்.

நான் கேட்பது அதைவிடச் சிறியது. சட்டம் தரும் இரண்டு பாலூட்டும் இடைவேளையை ஆலைக்குள் அவளால் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் பிள்ளை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பதினைந்து மாதத்துக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார்களை மாலையில் அரை மணி நேரம் முன்னதாக, கூலி பிடிக்காமல், தனி வேனில் அனுப்பிவையுங்கள். எந்த ஊரில் எத்தனை தாய்மார் என்ற கணக்கு உங்கள் மேஸ்திரிக்கே தெரியும். தீபாவளி முடிந்து, பூசை போட்டு ஆலையை மறுபடி திறக்கும் அன்றைக்கே இதைத் தொடங்கிவிடுங்கள்.